கொடை முடிந்த பிறகு வில் எங்கே போகிறது?



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் ஒரு படிவம் தருவாங்க. பெயர், பிறந்த தேதி, முகவரி என்று கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் 'பெற்றோர் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். தென்காசி, கடையம், ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், கரகாட்டம் என்று கோயில் கொடைகளில் விடிய விடிய உழைக்கிறவங்க அந்தக் கட்டத்தில் என்ன எழுதுறாங்க? நான் பேசிப் பார்த்த குடும்பங்களில் ஆண்கள் 'கூலி' என்று எழுதியிருந்தாங்க. பெண்கள் 'பீடி சுற்றுதல்' என்று எழுதியிருந்தாங்க. ரெண்டும் பொய் இல்லை. வருஷத்தில் பாதி மாசம் அதுதான் அவங்க வேலை. ஆனால் மீதிப் பாதி எங்கேயும் பதிவாகவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வர்றவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லிடறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நாலு மாவட்டத்திலும் ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கிற விழாவுக்குப் பெயர் கொடை. சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் என்று ஒவ்வொரு சாமிக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பாடாமல் கொடை நிறைவாகாது. பாடுறதுதான் வில்லுப்பாட்டு. பத்தடிக்கு மேல் நீளமுள்ள வில், அதில் வரிசையாய் மணிகள், நாணில் தட்ட இரண்டு வீசுகோல், வில்லோடு சேர்த்துக் கட்டிய குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. முன்னால் உட்கார்ந்து பாடுறவரைப் புலவர் என்பாங்க. அவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருக்கிறவங்க 'ஆமாம்' போட்டு வாங்கிப் பாடுவாங்க. ஒரு குழுவில் ஆறு, ஏழு பேர் இருப்பாங்க.

அந்தக் கதைகளைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்க. பல கதைகளில் அநியாயமாய்ச் செத்துப்போன ஒருத்தர்தான் பிறகு தெய்வமாகிறார். முத்துப்பட்டன் கதை பொதிகை மலை அடிவாரத்துக் கதை. அந்தணக் குடும்பத்தில் பிறந்தவன், சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் வீட்டு மாடுகளைக் காக்கப் போய், கொள்ளையரோடு சண்டையிட்டு உயிர் விட்டான். பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். ஊர் செய்த தப்பை ஊரே உட்கார்ந்து, வருஷா வருஷம், இரவு முழுக்கக் கேட்கிறது. கேட்கிற பெண்கள் வாய்விட்டு அழுறதை நீங்க எந்தக் கொடையிலும் பார்க்கலாம். அழுது முடித்துவிட்டுக் காலையில் பொங்கல் வைப்பாங்க. மனசுக்குள் கிடந்தது இறங்கிப் போகிறது என்று நம்ம ஆச்சிமார் சொல்லுவாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கலைகளும் உடல்நலமும் மனநலமும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அறிக்கை அது. பாட்டும் கூத்தும் நோயைத் தடுக்கவும், நோயோடு வாழவும் உதவுகின்றன என்பதுதான் அதன் சாரம். ஆச்சி சொன்னதற்குச் சான்று கிடைத்துவிட்டது.

அது கேட்கிறவங்க நலம். பாடுறவங்க நலம் என்ன ஆகிறது?

கொடைக்காலம் பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆடி, ஆவணி வரைக்கும் ஓடும். அந்த மாசங்களில் ஒரு குழு செவ்வாய் ஓர் ஊர், வெள்ளி ஓர் ஊர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். வேன் வாடகை, மைக் செட் வாடகை எல்லாம் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிப்பாங்க. புலவருக்குக் கூடுதல், மற்றவங்களுக்கு அவங்கவங்க கருவிக்கு ஏற்ப. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வேலை அநேகமாய் நின்றுவிடும். வில்லைத் துணியில் சுற்றி உத்தரத்தில் கட்டிவிடுவாங்க. உடுக்கைத் தோல் நமத்துப் போகாமல் அடுப்படிப் பக்கம் மாட்டி வைப்பாங்க. அப்புறம் ஆண்கள் கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போவாங்க. பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி இலை வெட்ட உட்காருவாங்க. முந்தின மாசம் ஆயிரம் பேர் முன்னால் மைக்கில் பாடிய தொண்டை, இந்த மாசம் பேசுறதுக்கு ஆளில்லாமல் கிடக்கும்.

இப்படிச் சொன்ன ஓர் அண்ணாச்சி, குடம் அடிக்கிறவர், ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, வேலை இல்லாததுகூடப் பெருசில்ல. கொடை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நாலு நாளைக்குத் தூக்கம் பிடிக்காது. காதுக்குள்ள மணிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் சில பேரு குடிக்க ஆரம்பிச்சது." இதைப் பலவீனம் என்று நினைக்கக் கூடாது. மாசக்கணக்கில் இரவு விழித்து, பகலில் வேனில் தூங்கி, திடீரென்று ஒருநாள் எல்லாம் நின்றுபோனால் எந்த உடம்பும் தடுமாறும். சினிமா படப்பிடிப்பில் வேலை பார்க்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்க. ஒரு படம் முடிஞ்சு அடுத்த படம் வரைக்கும் உள்ள இடைவெளிதான் அவங்களுக்கும் கஷ்டமான காலம்.

சினிமா என்றதும் பணம் கொட்டும் என்று நினைக்கிறோம். 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது. அதில் கதாநாயகனின் அப்பாவாக, பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞராக நடித்தவர் நெல்லை தங்கராஜ். அவர் நிஜத்திலும் பல வருஷம் பெண் வேடம் கட்டி ஆடிய நாட்டுப்புறக் கலைஞர்தான். படம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. கல்லூரி வாசலில் அவர் அவமானப்படுத்தப்படுகிற காட்சியைப் பார்த்து அழாதவர் குறைவு. ஆனால் அதற்குப் பிறகும் அவர் வாழ்க்கை வறுமையில்தான் இருந்தது. செய்தி வெளியான பின் மாவட்ட நிர்வாகம் அவருடைய வீட்டுக்கும் மகளின் வேலைக்கும் உதவியது. 2023 பிப்ரவரியில் அவர் காலமானார். குமரி மாவட்டத்தில் சின்ன வயதிலேயே வில்லெடுத்துப் பாட வந்த பூங்கனி அம்மாவின் கடைசி வருஷங்களும் ஏழ்மையில்தான் கழிந்தன. அவர் 2018-இல் இறந்தார். ரெண்டு பேருமே பெயர் தெரிந்தவங்க. நிருபர்கள் தேடிப்போய்ப் பார்த்தவங்க. பெயர் தெரியாத உடுக்கைக்காரர், ஜால்ரா போடும் அக்கா வீட்டுக்கு எந்த நிருபர் போவார்?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அது பங்குனி மாசம். அச்சாரம் வாங்கி, தேதி குறித்து, வேன் பேசி வைத்திருந்த கொடைகள் எல்லாம் ஒரே இரவில் நின்றன. அந்த வருஷ வருமானம் முழுக்கப் போனது. அரசு நிவாரணம் அறிவித்தபோது, நல வாரியத்தில் பதிவு செய்திருந்தவங்க பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. பதிவு செய்யாதவங்க முதலில் தாங்கள் கலைஞர்கள்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. முப்பது வருஷம் உடுக்கை அடித்த ஓர் அம்மா என்னிடம் கேட்டாங்க, "நான் என்ன கலைஞியாய்யா? புலவர்தான கலைஞர். நான் சும்மா கூடப் போறவதான?" கைவிரல் மூட்டெல்லாம் காய்ப்புக் காய்த்திருந்தது. அவங்ககிட்ட அச்சடித்த ஒரு நோட்டீஸ்கூட இல்லை.

இதைக் கேட்கிற உங்கள் வீட்டிலோ, தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இனிமேல் நான் சொல்றதை அவருக்குப் படித்துக் காட்டுங்க.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் தொடங்கப்பட்டது. புலவருக்கு மட்டுமானதில்லை. குடம், உடுக்கை, ஜால்ரா, மகுடம், தவில், பம்பை, கரகம், ஒயில் என்று எந்தக் கலையில் எந்த வேலை செய்தாலும் நீங்க கலைஞர்தான். உறுப்பினரானால் அடையாள அட்டை கிடைக்கும். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, இறப்பு என்று பலவகை உதவித்தொகைகள் உண்டு. தொகைகள் அவ்வப்போது அரசாணையால் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும்போது நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்க. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிந்தாலும், கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. அங்கே விண்ணப்பமும் விளக்கமும் கிடைக்கும்.

போகும் முன் தயாராய் வைத்துக்கொள்ள வேண்டியது ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், வயதுச் சான்று, புகைப்படம். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கும். தட்டுப்படுவது கலைஞர் என்பதற்கான ஆதாரம்தான். அதற்கு உங்கள் செல்போனே போதும். கொடை நோட்டீஸில் குழுவின் பெயர் வந்திருந்தால் கீழே போடாமல் படம் எடுத்து வைங்க. மேடையில் உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் கருவியும் முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு கொடைக்கும் தேதி, ஊர், கோயில் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, விழாக் கமிட்டிக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்க. புலவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். நோட்டீஸ் அடிக்கும்போது "இன்னார் குழுவினர்" என்று முடிக்காமல், குழுவில் உள்ள எல்லார் பெயரையும் கருவியோடு சேர்த்துப் போடச் சொல்லுங்க. ஒரு வரி கூடுதலாய் அச்சடிக்க அதிகச் செலவு ஆகாது. அந்த அம்மாவுக்கு அந்த ஒரு வரி இல்லாமல்தான் போயிற்று.

ஏற்கெனவே பீடித் தொழிலாளராகவோ கட்டடத் தொழிலாளராகவோ வேறு வாரியத்தில் பதிவு இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்க. எந்த உதவியை எதில் பெறலாம் என்பதை அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு சிக்கல் வராது.

வயதான, நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் ₹3,000 நிதியுதவி வழங்கப்படுகிறது. கருவி, ஆடை அணிகலன் வாங்க நிதியுதவி தரும் திட்டமும் உண்டு. கிழிந்த உடுக்கைத் தோலோடு இன்னொரு சீசனை ஓட்டுகிறவர் இதைக் கேட்டுப் பாருங்க. இது தவிர மாவட்டக் கலை மன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐந்து வயதுப் பிரிவுகளில் விருது தருகிறது. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. விருது சோறு போடாது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சரிதான். ஆனால் பத்திரிகையில் பெயரும் மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்ட சான்றிதழும் அடுத்த விண்ணப்பத்துக்கு உதவுமே.

இனி உடம்பு. வில்லுப்பாட்டுக்காரருக்கு மணிக்கணக்கில் சம்மணம் போட்டு உட்கார்வதால் முழங்காலும் இடுப்பும் போகும். கரகாட்டக்காரருக்குக் கழுத்தும் குதிகாலும். நாகசுரக்காரருக்கு இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. எல்லாருக்கும் பொதுவானது தொண்டை. பாடும்போது தொண்டை கட்டினால் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யப் பார்ப்போம். குரல் நாண்களை அது மேலும் புண்ணாக்கும். கனைப்பதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிங்க. குரல் போனால் கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகு, பனங்கற்கண்டு, கை வைத்தியம் என்று நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்க. புகையிலை போடுகிறவங்க இன்னும் சீக்கிரம் போகணும். ஆண்டு வருமானம் ₹1.20 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறவங்க, கொடைக்காலத்தில் ஊர் ஊராய்ப் போகும்போது நடுவில் விட்டுவிடாதீங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் சீசன் தேதிகளைச் சொல்லி, முன்கூட்டியே மாத்திரை வாங்கி வைக்க முடியுமா என்று கேளுங்க.

தூக்கம் வராத அந்த நாலு நாளுக்கும், நாலு நாள் நாலு வாரமாகிப் போனவங்களுக்கும் 14416 என்ற எண் இருக்கிறது. 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், பேசினது வெளியே போகாது. பைத்தியத்துக்கான நம்பர் என்று யாராவது கேலி பண்ணினால் கண்டுகொள்ளாதீங்க. குடியை நிறுத்த நினைக்கிறவங்களும் இங்கே பேசலாம். நமக்கு ஊர்ச் சோகத்தையெல்லாம் விடிய விடியப் பாடத் தெரியும், சொந்தச் சோகத்தை ஒருத்தரிடம் ரெண்டு நிமிஷம் சொல்ல வராது. இது என் கருத்து. ஒத்துக்கொள்ளாத அண்ணாச்சிமார் இருந்தால் சண்டைக்கு வரலாம்.

சரி, மாற்றம் பற்றிச் சொல்லணும். "சினிமாப் பாட்டு வந்து கலை கெட்டுப்போச்சு" என்ற பேச்சு இல்லாத கொடை இல்லை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரத்தைப் பாருங்க. அந்த ஊர்த் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியை எழுதினார். மலைக் குறத்தியும் குறவனும் பேசுகிற பேச்சை, அருவியை, குரங்கை, தேனை எல்லாம் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து ஆட்களுக்கு அதுவே புதுமைதான். மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்றே அந்த நிலத்துக்குப் பெயர். கலைஞருக்குக் கிடைத்த வாழ்வாதார உதவி என்று அதை இன்றைய அரசாணை மொழியில் சொல்லலாம்! பிறகு 1944-இல் ருக்மிணி தேவி சென்னைக் கலாக்ஷேத்ராவில் அதை நாட்டிய நாடகமாக்கினார். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கவிராயர் பாட்டை ஊரறியச் சுவைத்துச் சொன்ன காலம் அது. ஒரு கலை இடம் மாறியும் மேடை மாறியும்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வில்லும் அப்படித்தான். நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயில் வாசலிலிருந்து எடுத்துச் சென்று காந்தி மகான் கதையைப் பாடினார். அவர் சென்னைக்கு அழைத்துப்போன நெல்லைப் பக்கத்து இளைஞர் சுப்பு ஆறுமுகம், சினிமாவுக்கு நகைச்சுவை எழுதினார். பிறகு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வெளிநாட்டு மேடைகளிலும் வில்லடித்தார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், அடுத்த வருஷம் அக்டோபரில் மறைந்தார். சினிமா வந்ததால் வில் செத்துப்போகவில்லை. சில நேரம் சினிமாதான் அதைத் தூக்கிப் பிடித்தது. இப்போது கல்லூரி வயதுப் பெண்கள் முன்னால் உட்கார்ந்து வீசுகோல் பிடிக்கிறாங்க. யூடியூபில் அவங்க கதைகளைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரங்க கேட்கிறாங்க.

நேரமும் மாறியிருக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்கு தரலாம். விடிய விடியப் பாடிய கதையை மூன்று மணி நேரத்தில் முடிக்கணும் என்றால் புலவருக்கு அது சின்ன வேலை இல்லை. சிலர் கதையைச் சுருக்குறாங்க, சிலர் மாலையிலேயே தொடங்குறாங்க. மைக் இல்லாமல் பழைய மாதிரி பாடுறவங்களும் இருக்காங்க. தொண்டைக்கு அது கஷ்டம், ஆனால் கேட்கிறதுக்குச் சுகம்.

எனக்குக் கவலை தருகிற மாற்றம் வேறு. கொடையில் வீடியோ எடுக்கிறவர் தன் சேனலில் முழு நிகழ்ச்சியையும் போடுகிறார். லட்சக்கணக்கில் பார்வை வருகிறது, விளம்பரப் பணம் வருகிறது. பாடின குழுவுக்கு அதில் ஒன்றும் வருவதில்லை. கேட்டால், "உங்களுக்கு விளம்பரம்தானே அண்ணாச்சி" என்பார். இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு. பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் மட்டுமில்லை, வித்தை காட்டுறவரும் பாம்பாட்டியும்கூட அதில் நிகழ்த்துநர்தான். சட்டம் எழுதினவங்க நம்ம ஊர்த் திருவிழா பார்த்திருக்கணும்! உங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், அதை மக்களுக்கு வெளியிடவும் உங்கள் சம்மதம் வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு வணிகப் பயன்பாட்டில் பங்கு கேட்கவும் வழி இருக்கிறது. இந்த உரிமை நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள் நீடிக்கும்.

கோர்ட்டுக்குப் போங்க என்று சொல்லவில்லை. அச்சாரம் வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்க. வீடியோ எடுக்கலாமா, யார் சேனலில் போடுறது, எத்தனை நிமிஷம், வருமானத்தில் பங்கு என்ன, கலைஞர்கள் பெயர் கீழே வருமா. பேசினதை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாய் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வைங்க. குழுவில் இருக்கிற படித்த பிள்ளையிடம் குழுவுக்கென்று ஒரு சேனல் தொடங்கச் சொல்லுங்க. உடுக்கைக்கார அம்மா பெயரும் அதில் வரட்டும். நோட்டீஸ் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே ஒரு சான்றுதானே.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிறவங்களுக்கு, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரை உள்ளவங்களுக்குப் பயிற்சி தருகின்றன. மேலே படிக்க நினைத்தால் திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. ஆனால் வில்லுப்பாட்டை இன்னும் குழுவில் கூடப் போய்த்தான் பெரும்பாலும் கற்கிறாங்க. முதல் வருஷம் ஜால்ரா, அப்புறம் பின்பாட்டு, அதற்கப்புறம்தான் வீசுகோல். இப்படிக் கூடப் போகிற பிள்ளைகள் சீசனில் பள்ளிக்கூடத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது புலவரின் பொறுப்பு.

கடைசியாய் விழாக் கமிட்டிக்காரர்களுக்குச் சில வார்த்தை. நீங்களும் இந்தச் செல்போனில்தான் இதைப் படிக்கிறீங்க. இரவு வேலை முடிந்ததும், பொங்கல் இறக்கும் முன்னாலேயே பேசின தொகையைக் கொடுத்துவிடுங்க, "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பாதீங்க. மேடைக்குப் பக்கத்தில் ஒரு குடம் குடிதண்ணீர் வைங்க, அதில் ஐஸ் வேண்டாம். காசு குத்துகிறேன், அன்பளிப்புத் தருகிறேன் என்று குடித்துவிட்டு மேடையேறுகிற ஆளைக் கீழேயே நிறுத்த இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்க. பெண் கலைஞர்கள் வருகிறார்கள் என்றால் உடை மாற்றவும் உட்காரவும் ஓர் அறை வேண்டும். கழிப்பறை வேண்டும். அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பகலிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்க.